சென்னையா, பெங்களூருவா: குடிபோகும் முன் வழியைப் பாருங்கள்

வேலை மாறுவதால் ஊர் மாறப்போகிறவர்கள் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தண்ணீர். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி அலுவலகத்தில் போய் உட்கார எவ்வளவு நேரமாகும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பல குடும்பங்களில் அது அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி, குடியேறிய பிறகு வருகிறது. போக ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை மணி என்றால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் சாலையில் போகிறது. குழந்தை தூங்குவதற்குள் வீடு திரும்ப முடியுமா, வயதான அம்மாவை மாலையில் மருத்துவரிடம் கூட்டிப்போக முடியுமா என்பதெல்லாம் இந்தப் பதினைந்து மணி நேரத்துக்குள் அடங்கியிருக்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் சம்பளத்தைவிட இது பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் தமிழ்க் குடும்பங்கள் மிக அதிகமாகப் போவதும் வருவதுமாக இருக்கும் இரண்டு மாநகரங்களை, சென்னையையும் பெங்களூருவையும், வேலைக்குப் போய்வரும் வழி என்ற ஒரே கோணத்தில் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலை ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் பெங்களூரு உலகின் மூன்றாவது இடத்தில் இருந்தது. நகருக்குள் பத்து கிலோமீட்டர் போக அங்கே சராசரியாக 34 நிமிடம் ஆனது. சென்னை 31ஆவது இடம். அதே தூரத்துக்கு 30 நிமிடத்துக்குச் சற்று மேல். பட்டியலில் இருபத்தெட்டு இடம் தள்ளியிருந்தாலும் நேரத்தில் வித்தியாசம் நான்கு நிமிடம்தான். இந்த ஒரு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்று என்று முடிவு செய்துவிடலாம். பெங்களூருவிலிருந்து வேலை மாறிச் சென்னைக்கு வருகிற பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து அங்கே போகிறவர்களும் அப்படியே.

எண்ணில் பிழை இல்லை. ஆனால் அது அளப்பது சாலையில் ஓடும் வண்டிகளின் வேகத்தை. தாம்பரத்தில் ரயில் ஏறி அரை மணி நேரத்துக்குள் கிண்டியில் இறங்குகிறவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். ஜி.எஸ்.டி. சாலை குரோம்பேட்டையில் அடைத்துக்கொண்டு நின்றாலும் அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஆகப்போவதில்லை. சாலை எவ்வளவு மோசம் என்பது காரில் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி. குடும்பத்தோடு இடம் மாறப்போகிறவர் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: என் வீட்டிலிருந்து என் அலுவலகத்துக்கு, சாலையைத் தொடாமல் போக ஒரு வழி இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிப்போகின்றன.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அப்போது அது மீட்டர் கேஜ். இன்றைய தென்சென்னைப் புறநகர் பெரும்பாலும் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான். மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஸ்டேஷன். கடைவீதி, பள்ளிக்கூடம், குடியிருப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த ஸ்டேஷனைச் சுற்றி வளர்ந்தவை. வடக்கேயும் மேற்கேயும் இதே கதை. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்கு ஒரு பாதை. கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு பாதை. பிறகு 1995இல் சேப்பாக்கம் வரைக்கும், 1997இல் மயிலாப்பூருக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் பறக்கும் ரயில். 2015 ஜூனில் மெட்ரோ. வேலைக்குப் போகிறவர்களின் வீடும் ரயிலும் கிட்டத்தட்ட நூறாண்டாகச் சேர்ந்தே வளர்ந்த ஊர் இது.

காலை எட்டரை மணிக்கு மேல் கிண்டி ஸ்டேஷனில் நின்று பார்த்தால் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி நின்றதும் நடைமேடை நிரம்பி, கூட்டம் நடைமேம்பாலத்தில் ஏறுகிறது. மேலே போனதும் அது இரண்டாகப் பிரிகிறது. மேற்குப் பக்கம் இறங்குகிறவர்கள் தொழிற்பேட்டைக்கும் அதையொட்டிய ஐ.டி. கட்டடங்களுக்கும் போகிறவர்கள். கிழக்குப் பக்கம் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் மெட்ரோவுக்கும் மீதிப்பேர் பஸ் நிறுத்தத்துக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியும் நங்கநல்லூரில் சொந்த வீடு உள்ள அதிகாரி ஒருவரும் அதே படியில் இறங்குகிறார்கள். அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்து இன்னொரு கூட்டத்தை இறக்கிவிடுகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு டிக்கெட் பத்து ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் அதைவிடவும் குறைவு. 2025 ஏப்ரலிலிருந்து குளிர்சாதன வண்டியும் இந்தப் பாதையில் ஓடுகிறது. கட்டணம் பல மடங்கு, ஆனால் வெயிலில் வதங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பீக் அவரில் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. பராமரிப்பு வேலை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை ரத்து செய்துவிடுகிறார்கள். ஞாயிறும் வேலைக்குப் போகிற கடைச் சிப்பந்திகளையும் மருத்துவமனை ஊழியர்களையும் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் பிரம்மாண்டமானவை, ஆனால் இருட்டிவிட்டால் ஆள் நடமாட்டம் இல்லாதவை. இரவுப் பணி முடித்துத் தனியாக வரும் பெண்ணுக்கு நான் அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நான்காவது தண்டவாளம் போடுவதற்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நிறுத்தியவர்கள், மீண்டும் ஓடவிட்டது 2024 அக்டோபரில்.

பெங்களூருவின் கதை வேறு மாதிரித் தொடங்குகிறது. அங்கே வேலை கொடுத்தவை முதலில் மத்திய அரசின் பெரிய தொழிற்சாலைகள்: எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. ஒவ்வொன்றும் தன் தொழிலாளிக்குத் தானே குடியிருப்பு கட்டியது, தானே பஸ் விட்டது. வேலைக்குப் போவது நிறுவனத்தின் பொறுப்பு என்ற பழக்கம் அப்போதே வந்துவிட்டது. நகரத்துக்குப் புறநகர் ரயில் தேவை என்ற யோசனை 1980களிலேயே பேசப்பட்டது. 148 கிலோமீட்டருக்கு நான்கு பாதைகள் என்று திட்டமாகி, பிரதமர் அடிக்கல் நாட்டியது 2022 ஜூனில். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில்தான் அந்த ஊர் இன்று நாம் அறிந்த பெங்களூருவாக மாறியது.

அந்த நாற்பது ஆண்டுகளில் அலுவலகங்கள் எங்கே போயின என்று பாருங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி 1970களின் இறுதியில் ஓசூர் சாலையில் தொடங்கியது. 1990களில் ஒயிட்ஃபீல்டில் பெரிய தொழில்நுட்பப் பூங்கா வந்தது. லாரிகள் ஊருக்குள் வராமல் சுற்றிப் போகட்டும் என்று 1990களில் போடத் தொடங்கிய வெளிவட்டச் சாலை முடிந்ததோ இல்லையோ, அதன் கிழக்குப் பகுதியில் சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரைக்கும் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. லாரிக்காகப் போட்ட சாலை லட்சக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகும் சாலையானது. அதில் ரயில் இல்லை; நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பும் போதுமான அளவு இல்லை. நகரத்தில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டியதற்கு இதுவே பெரிய காரணம். அங்கே கார் வாங்குகிறவர் ஆடம்பரத்துக்காக வாங்குகிறார் என்று சொல்வது அநியாயம். வேறு வழி இல்லாமல்தான் பலர் வாங்குகிறார்கள்.

மாலை ஆறரை மணிக்கு பெல்லந்தூர் பக்கம் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் நின்றால், கிண்டிக்கு நேர் எதிரான காட்சி. அலுவலக வளாகத்தின் வாசலில் கம்பெனி கேப்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நகராத வண்டிக்குள் மடிக்கணினியைத் திறக்கிறார்கள். இருசக்கர வண்டிகள் நடைபாதையில் ஏறி வருகின்றன. நடந்து போகிறவர் அவற்றுக்கு ஒதுங்கிக் கழிவுநீர்க் கால்வாய் மூடிமேல் நிற்கிறார். நடுவில் மெட்ரோவுக்கான தூண்களும் தடுப்புத் தகடுகளும். ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு போகும் 500-டி பஸ் அந்த நெரிசலில் மற்ற வண்டிகளோடு வண்டியாக நிற்கிறது. இதே சாலையில் 2019இல் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கிக் கம்பங்கள் நட்டார்கள். நல்ல முயற்சி அது. மெட்ரோ வேலை தொடங்கியதும் தடம் போய்விட்டது. ஈஜிபுரா மேம்பாலம் 2017இல் தொடங்கிய வேலை. கெடுவுக்குமேல் கெடு தாண்டி, கோரமங்களாவில் வெறும் தூண்களாகவே பல ஆண்டுகள் நின்றது. அந்தத் தூண்களுக்கு அடியில் தினமும் வண்டி ஓட்டியவர்களிடம் கேட்டால்தான் அந்த ஆண்டுகளின் நீளம் தெரியும்.

இதுவரை சொன்னதை வைத்துச் சென்னையே மேல் என்று உடனே பெட்டி கட்டிவிடாதீர்கள். சென்னைக்குள்ளேயே ஒரு பெங்களூரு இருக்கிறது. அதன் பெயர் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலை. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. 2008இல் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரையில் ஆறுவழிச் சாலை வந்தது. சாலையை அகலமாகப் போட்டவர்கள் அதனுடன் ஒரு தண்டவாளத்தையும் போடவில்லை. பறக்கும் ரயில் திருவான்மியூரில் டைடல் பார்க்குக்கு எதிரிலேயே இறக்கிவிடுகிறது; தரமணி வரைக்கும் அலுவலகம் என்றால் கவலை இல்லை. அதற்குத் தெற்கே பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி எல்லாம் சாலையை நம்பித்தான். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று கூவி ஆள் ஏற்றுகிறார். கோயம்பேட்டிலிருந்து 570 பஸ் வருகிறது. ஷேர் ஆட்டோ சென்னையில் நன்றாக வேரூன்றிய ஏற்பாடு. பத்து, இருபது ரூபாயில் ஒரு நிறுத்தத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். பெங்களூருவில் அது இந்த அளவுக்கு வேர் பிடிக்கவில்லை.

இப்போது அந்த ஓ.எம்.ஆரின் நடுவில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை, சுமார் 45 கிலோமீட்டருக்கு, மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை எழுந்துகொண்டிருக்கிறது. மொத்தம் 119 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். பாதை ஓடத் தொடங்கும் நாள் நிச்சயம் நல்ல நாள். அதுவரைக்கும் சாலை குறுகியே இருக்கும். எனவே பெங்களூருவின் மாரத்தஹள்ளியில் தவித்துவிட்டு, சென்னையில் நிம்மதி கிடைக்கும் என்று சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கி, வீட்டைப் போரூரில் பிடிப்பவர் ஏமாந்துபோவார். மவுண்ட்-பூந்தமல்லி சாலை, கத்திப்பாரா, வேளச்சேரி அல்லது துரைப்பாக்கம்-பல்லாவரம் ரேடியல் சாலை, பிறகு ஓ.எம்.ஆர். நாலு நெரிசலையும் தினமும் இரண்டு முறை கடக்க வேண்டியிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பெங்களூருவின் மெட்ரோவைப் பற்றிச் சென்னையில் இருக்கிறவர்கள் பழைய கணக்கிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2011 அக்டோபரில் எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளி வரைக்கும் ஒரு சிறு துண்டாகத் தொடங்கியது இன்று 96 கிலோமீட்டர். ஊதாப் பாதை 2023 அக்டோபரிலிருந்து செல்லகட்டாவையும் ஒயிட்ஃபீல்டையும் ஒரே வண்டியில் இணைக்கிறது. மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தது: ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர். தொடக்கத்தில் மூன்றே ரயில்களோடு, 25 நிமிடத்துக்கு ஒன்று என்று ஓடியது; அப்படி ஓடியும் கூட்டம் அலைமோதியது. ஆக, உங்கள் அலுவலகம் ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இருந்து, வீட்டை இந்திராநகர், விஜயநகர், ஜெயநகர் போன்ற மெட்ரோவை ஒட்டிய பகுதியில் பிடிக்க முடிந்தால், ஓ.எம்.ஆர்.காரரைவிட நீங்கள் நிம்மதியாகப் போய்வரலாம். இந்த இரண்டு இடங்களையும் பொறுத்தவரை நேற்றுவரைக்கும் உண்மையாக இருந்த பல புகார்கள் இன்று பொருந்தாது. வெளிவட்டச் சாலைக்கு வரவேண்டிய நீலப் பாதை மட்டும் 2025இலும் கட்டுமானத்திலேயே இருந்தது. மிகப் பெரிய கூட்டம் வேலைக்குப் போகும் இடத்துக்கு மெட்ரோ கடைசியாக வருகிறது என்பதுதான் அந்த ஊரின் துயரம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரு மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றினார்கள். அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. சென்னை மெட்ரோவில் அதிகபட்சம் 50. பெங்களூருவில் கணவன் மனைவி இருவரும் தினமும் கோடியிலிருந்து கோடிக்குப் போய்வந்தால் மாதச் செலவு ஸ்கூட்டர் பெட்ரோலைத் தாண்டிவிடும். பிறகு ஏன் ஸ்கூட்டரை விடப்போகிறார்கள்? இந்த இடத்தில் சென்னையின் பத்து ரூபாய் மின்சார ரயிலுக்கு ஈடாக பெங்களூருவிடம் எதுவும் இல்லை. பஸ்ஸில் கதை மாறுகிறது. பெங்களூருவின் பி.எம்.டி.சி.யிடம் உள்ள பஸ்கள் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சென்னையில் ஒரு பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரத்தைப் பார்த்தால், ரயில் இருக்கிறது என்ற தைரியத்தில் பஸ்ஸைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

பெண்களுக்கு இரண்டு ஊரிலும் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து. கர்நாடகத்தில் சக்தி திட்டத்தின்கீழ் 2023 ஜூனிலிருந்து. குடிபோகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இதில் இருக்கிறது. சென்னையில் எந்த ஊர்ப் பெண்ணும் ஏறலாம். யாரும் அட்டை கேட்பதில்லை. கர்நாடகத்தில் அது அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு மட்டும். நடத்துநரிடம் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஆதாரில் முகவரி மாற்றும்வரை தமிழ்நாட்டிலிருந்து போகும் பெண் டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஓசூர் என்று மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில், வேலை எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ. வாடகை குறைவு, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம், ரேஷன் அட்டையை மாற்ற வேண்டாம். காலையில் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து இருபது கிலோமீட்டர் தூரத்துக்குள் அலுவலகம். சில்க் போர்டைப் பார்க்காமலே பெங்களூரு சம்பளம் வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ரயிலும் உண்டு, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஹீலலிகே ஸ்டேஷன், தொடர்ந்து கார்மேலரம், பெல்லந்தூர் ரோடு. வண்டிகள்தான் மிகக் குறைவு. பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோவை நீட்டும் யோசனை இரு மாநிலங்களுக்கும் இடையே காகிதத்தில் கிடக்கிறது. நீட்டினால் இரண்டு மாநிலத்துத் தொழிலாளர்களுக்கும் நல்லது. இதில் எல்லைக் கணக்கு பார்ப்பது யாருக்கும் பயன் தராது. ஆனால் நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலைகளில் அத்திப்பள்ளி வரைக்கும் வண்டிகள் அடைத்து நிற்கும்போது, ஓசூர்வாசியும் ஊருக்குப் போகிற கூட்டத்தோடு சேர்ந்தே மாட்டிக்கொள்வார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாட்களில் சென்னையின் பெருங்களத்தூரும் வண்டலூரும் படும் பாடு இதே மாதிரிதான்.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னையின் மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வருகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ரயிலே நின்றுபோனது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. பெரிய மழை பெய்தாலே அரங்கநாதன் சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்பட்டுவிடும். அந்த நாட்களில் யாரும் வேலைக்குப் போவதில்லை, போக முடியாது. பெங்களூருவின் மழை அப்படி நாள் பார்த்து வருவதில்லை. சித்திரை மாதக் கோடை மழையிலிருந்து ஐப்பசி வரைக்கும் எந்த மாலையிலும், பெரும்பாலும் அலுவலகம் விடும் நேரத்தில், முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். அன்றைக்கு ஒரு மணி நேரப் பயணம் இரண்டரை மணி நேரம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் தண்ணீர் நின்றபோது ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போன படங்களை நாடே பார்த்தது. சென்னையில் மழை ஆண்டில் சில நாட்களை முழுதாக எடுத்துக்கொள்கிறது. பெங்களூருவில் ஆண்டில் பல மாலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. பெங்களூருவுக்குச் சாதகமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மே மாதத்தில் சென்னையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பது உடம்பை வதைக்கும் வேலை. மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள அந்த ஊரின் காற்றில் அதே அரை மணி நேரம் நிற்பது அவ்வளவு கொடுமை இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பெங்களூருவில் நெரிசலிலிருந்து தப்பித்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துவிட்டோம். இருபத்தைந்து வயதில், பி.ஜி.யில் தங்கியிருக்கும் ஒருவருக்கு அது சரியான பதில். ஆனால் அந்தத் தொழிலில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலை மாறுகிறது. ஒயிட்ஃபீல்டு வேலை போய் மான்யதா தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்தால் வீட்டையும் மாற்ற வேண்டும். மறுபடி பல மாத வாடகையை அட்வான்ஸாக எடுத்து வைக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டும். கணவனுக்கு ஹெப்பால் பக்கமும் மனைவிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை என்றால், இருவருக்கும் பக்கமாக ஒரு வீடு அந்த ஊரில் இல்லவே இல்லை. அப்போது யார் வேலையை விடுவது என்று வீட்டில் பேச்சு வருகிறது. பெரும்பாலும் மனைவிதான் விடுகிறாள். போக்குவரத்து நெரிசலின் உண்மையான விலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்தப் பட்டியலும் இதை அளப்பதில்லை.

சென்னையில் ரயிலுக்குப் பக்கத்தில் பிடித்த வீடு இரண்டு மூன்று வேலைகளைத் தாங்கும். குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் இருப்பவர் கிண்டியில் வேலை பார்த்தாலும், நுங்கம்பாக்கத்துக்கு மாறினாலும், மறைமலைநகர்த் தொழிற்சாலைக்கு எதிர்த்திசையில் போனாலும் வீட்டை மாற்ற வேண்டியதில்லை. மனைவிக்கு அண்ணா நகரில் வேலை கிடைத்தால் பரங்கிமலையில் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன்று செயலியில் பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கலாம். விமான நிலையமும் ஊருக்குள்ளேயே, மெட்ரோ வாசலோடு. எதிரே திரிசூலம் ஸ்டேஷன். பெங்களூரு விமான நிலையம் 2008இல் தேவனஹள்ளிக்குப் போனதிலிருந்து அது தனியாக ஒரு பயணம்.

ஆகவே என் தீர்ப்பு இது. இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சென்னை மேல். ஆனால் ரயிலை ஒட்டி வீடு பிடித்தால் மட்டும். அலுவலகம் ஓ.எம்.ஆரின் தென்கோடி என்றால் வீடும் ஓ.எம்.ஆரிலேயே இருக்கட்டும், மெட்ரோ வரும்வரைக்குமாவது. தனியாகப் போகிற இளைஞருக்கு, அலுவலகம் ஊதா அல்லது மஞ்சள் பாதையில் இருந்தால், பெங்களூரு இப்போது நல்ல தேர்வு. அலுவலகம் வெளிவட்டச் சாலையில் என்றால் நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் மட்டும் போங்கள்.

வீடு பார்க்க எல்லோரும் சனி, ஞாயிற்றில் போகிறார்கள். சாலை காலியாக இருக்கும். புரோக்கரும் ஆபீஸ் இருபது நிமிஷம்தான் சார் என்பார். அன்றைக்கு அது உண்மையும்கூட. வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் நாட்கள் பெரும்பாலும் திங்களும் வெள்ளியுமாக இருப்பதால், செவ்வாய், புதன், வியாழனில்தான் சாலையின் உண்மை முகம் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்படி ஒரு நாள் விடுப்பு எடுங்கள். பார்த்து வைத்த வீட்டின் வாசலிலிருந்து காலை எட்டரைக்கு அலுவலகத்துக்குப் போய், மாலை ஆறரைக்குத் திரும்பி வாருங்கள்; கணவன் மனைவி இருவருக்கும் வேலை என்றால் இருவரும் தனித்தனியாக. கையிலுள்ள போன் வரைபடம் ஐம்பது நிமிடம் முதல் ஒன்றே முக்கால் மணி வரை என்று காட்டினால் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு சாலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்; ஓ.எம்.ஆரிலும் வெளிவட்டச் சாலையிலும் எதிர்ப்பக்கம் என்றால் யு டர்ன் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், பீக் அவரில் அதற்கே கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா என்று அப்போது தெரியும். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும், அந்த நாளை மட்டும் தவற விடாதீர்கள்.